ரப்பர் பிள்ளையின் பல்

அம்புலன்ஸ் வேலைக்குக் குழந்தை அவசர சிகிச்சை படிப்பிக்கும் முந்தல் ஊர் வகுப்பில், லாபிர் இரண்டு தடவை தோற்றவன். மூச்சு நின்ற பிள்ளையின் வாய்க்குள் பார்க்காமலே ஊதிவிடுவான். இன்றும் தோற்றால் வேலை இல்லை.

ஆறு வயதுப் பிள்ளை அளவில் ஒரு ரப்பர் பொம்மை. பற்கள் வெறும் வெள்ளை வர்ணம். நிஸ்ரின் மிஸ் வழக்கம்போல அதன் வாய்க்குள் ஒரு கச்சான் கடலையை ஒளித்து வைத்தார்.

லாபிர் பொம்மையின் தலையை நிமிர்த்தி, முதலில் வாய்க்குள் பார்த்தான். உள்ளே தெரிந்ததை எடுத்து மிஸ்ஸின் கையில் வைத்தான். அது ஒரு பால்பல்.

"நான் வெச்ச கச்சான் எங்க?"

"தெரியா மிஸ். தொண்டைய அடைச்சிக் கிடந்தது இதுதான்."

மிஸ் கொஞ்சம் யோசித்தார். "என்னவோ, பாத்துத்தானே எடுத்தீங்க. பாஸ்."

சின்ன வயதில் பல் விழுந்தால் செய்ததுபோலவே லாபிர் பல்லைத் திரும்ப வாங்கிக் கூரைமேல் எறிந்து, அணிலிடம் புதுப் பல் கேட்டான். வகுப்பே சிரித்தது.

மறு கிழமை, புது ஆட்களுக்குச் செய்துகாட்ட மிஸ் அவனையே கூப்பிட்டார். லாபிர் பெருமையோடு பொம்மையின் வாயைத் திறந்தான். வர்ணப் பல்வரிசையின் நடுவில் ஓர் ஓட்டை. அதற்குள் புதுப் பல் முளைவிட்டிருந்தது. இடுக்கில் கச்சான் தோல் ஒட்டியிருந்தது.