ஆம்லெட்டில் மீன் கவுச்சி

ஆம்லெட்டை வாயில் வைத்த ஹரிசங்கர் தட்டைத் தள்ளிவிட்டான்.

"மீன் கவுச்சி அடிக்குது. நம்ம கோழி எங்கயோ மீன் தின்னுகினு கீது."

"பக்கத்து வூட்ல பொறுக்கியிருக்கும்ங்க," என்றாள் மனைவி விஷாகா.

"ஒரு வாரமா கூண்டுலதானே அடைச்சு வெச்சிருக்கேன்? நான் கல்பாக்கம் பஸ் ஏறினதும் நீ மீன் வாங்கறே!"

அவள் தலைகுனிந்தாள். "நான் தின்னலைங்க."

"பொய் சொல்லாத. முட்டையைத் தவிர எதையும் தொடாத வூடு இது. மீன் தின்ற பொண்ணு வேணாம்னு அப்பா அப்பவே தலைதலையா அடிச்சிக்கினாரு. இனிமே தொடமாட்டேன்னு அவருகிட்டதானே சத்தியம் பண்ணே?"

கொல்லைப்புறத்திலிருந்து அப்பா தலையைச் சொறிந்தபடி வந்தார்.

"அவளைத் திட்டாதடா. நாளையிலேர்ந்து முள்ளைக் கோழிக்குப் போடாம குப்பையிலயே போட்டுடறேன்."