ஏழு நோட்டுகள்

ஜூன் மாதக் காலை வெயில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் அவர்கள் வீட்டுச் சமையலறை மேசையில் சாய்ந்து விழுந்திருக்கிறது. மருத்துவமும் மானுடவியல் முனைவர் பட்டமும் சேர்த்துப் படிக்க மடிக்கணினியில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கும் ட்ரெஸ்ஸா, 'ஆய்வகத்தின் பெயர்' என்ற கட்டத்திலேயே அரைமணி நேரமாக நிற்கிறாள். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. "உனக்கு ஏதுடி லேப்? ஒரு எலியைக்கூடத் தொட்டதில்ல," என்கிறான் அண்ணன் கில், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி. அவளருகே காப்பிக் கறை படிந்த ஏழு நோட்டுகள். அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போன இரண்டு வருடமும், அங்கே காத்திருந்தவர்களின் பேச்சை இவற்றில்தான் எழுதினாள். ஒன்றைப் புரட்டுகிறாள். டோரிஸ் என்ற நோயாளி சொன்னதன் ஓரத்தில் அம்மாவின் கோணல் எழுத்து: 'டோரிஸ் உப்பே தொடவில்லை என்பது பொய். கைப்பையில் சிப்ஸ் இருக்கிறது. எழுதிக்கொள்.' கில் மெல்லுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறான். அம்மா போய் மார்ச்சோடு ஒரு வருடம். ட்ரெஸ்ஸா கட்டத்தில் 'டயாலிசிஸ் காத்திருப்பு அறை' என்று தட்டுகிறாள். அடுத்த பக்கம் திறக்கிறது. 'இந்த ஆய்வு இன்னும் தொடர்கிறதா?' அவள் விரல் அசையவில்லை. வெண்ணெய்க் கத்தி கில்லின் கையிலேயே இருக்கிறது. "ஆமான்னு போடு," என்கிறான், அந்தக் கோணல் எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.