வளர்பிறைக் குடும்பம்

“சம்மந்தி, சேதி தெரியுமா? நம்ம வளர்பிறைக் கிளப்பக் கலைக்கப் போறாகளாம்!”

பட்டறை வாசலில் மூச்சிரைக்க நின்றுகொண்டு ஆசைத்தம்பி சொன்னதைக் கேட்டதும், தச்சர் செம்மலையின் கையிலிருந்த உளி நழுவிக் கீழே விழுந்தது. துக்கத்தில் இல்லை, சந்தோஷத்தில். ஆனால் அதை முகத்தில் காட்ட முடியுமா? தலையில் கைவைத்துக்கொண்டு பலகைமேல் சாய்ந்துவிட்டார்.

“ஐயையோ! யாரு சொன்னது?”

“செக்ரட்டரி குருநாதன்தான். கோல் போஸ்டு ரெண்டையும் கரையான் அரிச்சிருச்சாம். புதுசு போட வழியில்லையாம். சாயங்காலம் பொட்டல்ல கூட்டம். வந்துருங்க.”

சம்பந்தி தலை மறைந்ததும் செம்மலை கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தார். பதினோரு வருஷம்! ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமாவது கட்டையை நிம்மதியாகச் சாய்த்திருப்பாரா?

எல்லாம் 1963-ல் மகள் நீலாயதாட்சிக்கு வரன் பார்த்தபோது தேடிக்கொண்ட வினை. கிளப் செக்ரட்டரி குருநாதனுக்குக் கல்யாணத் தரகும் உண்டு. நகைப்பட்டறை ஆசைத்தம்பியின் மகன் ஜாதகத்தை அவர்தான் கொண்டுவந்தார். “தங்கமான இடம். ஒண்ணே ஒண்ணு, மாப்பிள்ளையோட அப்பாவுக்கு வளர்பிறைக் கிளப்புன்னா உசுரு. அதப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லி வைங்க, காரியம் முடிஞ்சிரும்,” என்றார்.

நாலு வார்த்தையோடு செம்மலை நிறுத்தியிருக்கலாம். பெண் பார்க்க வந்தவர்களிடம், “நாங்க மூணு தலைமுறையா வளர்பிறைதான். எங்க ஐயா அதுல கோலியா நின்னவரு,” என்று அளந்துவிட்டார். அவருடைய ஐயா கால்பந்தைக் கண்ணால் கண்டவர் இல்லை. ஆசைத்தம்பியும், “எங்க வீட்டுலயும் அதே கதைதான் சம்மந்தி!” என்று அவரைக் கட்டிக்கொண்டார். அந்தக் கிளப்புக்கே அப்போது இருபது வயதுதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தாம்பூலம் மாற்றியாகிவிட்டது.

அன்று பிடித்த சனி விடவே இல்லை. மேட்ச் நாளில் மூன்று மணிக்கெல்லாம் சம்பந்தி குடையோடு வந்து நிற்பார். செம்மலைக்கு ஆப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாது. சம்பந்தி எழுந்தால் எழுவார், கத்தினால் கத்துவார். ஒருமுறை எதிரணி போட்ட கோலுக்கு இரண்டு பேரும் சேர்ந்து கைதட்டிவிட்டார்கள். “யாரு ஆடுனா என்ன, நல்ல ஆட்டத்துக்குத் தட்டணும்ல?” என்றார் ஆசைத்தம்பி. என்ன பெருந்தன்மை என்று செம்மலை வியந்துபோனார்.

பேரன் காதுகுத்தைக்கூட மேட்ச் இல்லாத நாள் பார்த்துத்தான் வைத்தார்கள். ஊரில் ‘வளர்பிறைக் குடும்பம்’ என்றே பெயர். செம்மலை பெற்ற மகளிடம்கூட உண்மையைச் சொன்னதில்லை. அவள் வாய்தவறி உளறிவிட்டால், பொய் சொல்லிப் பெண் கொடுத்தவன் மகள் என்று புகுந்த வீட்டில் காலமெல்லாம் தலைகுனிய வேண்டாமா?

இனி அந்தப் பயமும் இல்லை, வெயிலும் இல்லை. யார்மீதும் குற்றமில்லாமல் கரையான் வந்து காப்பாற்றிவிட்டது. அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சாயங்காலம் பொட்டலுக்குப் புறப்பட்டார்.

கூட்டத்துக்கு இருபது பேர்கூடத் தேறவில்லை. குருநாதன் கம்மிய குரலில், “கலைச்சிரலாம்னு நெனைக்கிறேன். யாருக்காச்சும் ஆட்சேபனை இருக்கா?” என்று கேட்டார்.

செம்மலை பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். இன்னும் ஒரே நிமிஷம். ஒருவரும் கை தூக்கவில்லை. விடுதலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அப்போதுதான் பக்கத்தில் திரும்பினார். ஆசைத்தம்பி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்திருந்தார். தோள் இரண்டும் குலுங்கின.

செம்மலைக்குப் புதுக் கவலை பிடித்தது. மனுஷன் இப்படிக் குலுங்கி அழும்போது, மூன்று தலைமுறைக்காரர் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்? அந்தக் கோபம் நீலாவின் தலையில்தானே விடியும்?

எழுந்துவிட்டார்.

“கலைக்கக் கூடாது! நேமத்தான்பட்டியில பழைய வீட்ட இடிச்சுப் பிரிச்சப்ப வாங்குன பர்மாத் தேக்கு எங்கிட்ட இருக்கு. ரெண்டு கோல் போஸ்டும் நானே செஞ்சு நட்டுத் தாரேன். இன்னும் அம்பது வருஷத்துக்குக் கரையான் கிட்ட வராது!”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஆசைத்தம்பி மெல்லத் துண்டை எடுத்தார். கண்ணெல்லாம் ஈரம். செம்மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அப்ப... வலையும் பந்தும் என்னோடது,” என்றார்.

போனால் போகிறது, பெண்ணின் வாழ்க்கைதான் முக்கியம் என்று செம்மலை தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் நீலா படியேறி வந்த வேகத்தைப் பார்த்தே அவருக்குப் பகீர் என்றது.

“ஏம்ப்பா இப்படிப் பண்ணுனீக? உங்க கிளப்புப் பைத்தியத்துக்கு ஒரு அளவே இல்லையா? மாமா ராத்திரி சோறு திங்காமப் படுத்துக் கெடக்காக!”

“ஏத்தா, உன் மாமனார் அப்படி அழுகுறதப் பாத்துட்டு நான் எப்படிச் சும்மா இருக்கிறது?”

“அழுதாகளா? கிளப்பு ஒழிஞ்சிச்சுன்னு சிரிப்புப் பொத்துக்கிட்டு வந்து, நீங்க பாத்துறக் கூடாதுன்னு துண்ட வச்சு மூடுனாகளாம்! பொண்ணு பாக்க வரும்போதே குருநாதன் சொல்லிட்டாராம், பொண்ணோட அப்பாவுக்கு அந்தக் கிளப்புன்னா உசுரு, நாலு நல்ல வார்த்தை சொன்னாத்தான் பொண்ணு கெடைக்கும்னு. அதச் சொன்ன பாவத்துக்கு உங்களுக்காகப் பதினோரு வருஷமா வெயில்ல காஞ்சாகளாம்ப்பா!”