உப்பு கேட்டவள்

என் கணவன் தில்ஹாங்கைப் புதைத்து இரண்டாம் நாள். வாழையிலையில் வெறும் சோறு வைத்தார்கள்.

"உப்பு குடுங்க" என்றேன்.

பந்தி அப்படியே நின்றது.

துக்கம் கழியும்வரை செத்தவன் குலத்தார் உப்பையும் எண்ணெயையும் தொடக்கூடாது. மனைவியே தொட்டுவிட்டால், அவன் முன்னோர்களிடம் போய்ச் சேராமல் பாதி வழியில் அலைவான் என்று எங்கள் லிம்பு இனத்து மலையூரில் எல்லோருக்கும் பயம். தில்ஹாங்குக்கு அந்தப் பயம் மற்றவர்களைவிட அதிகம்.

கொழுந்தன் ரன்ஹாங் என் பக்கம் குனிந்து பல்லைக் கடித்தான். "அண்ணி, ஊரே பாக்குது. இன்னும் ரெண்டே நாளு. நாக்கைக் கொஞ்சம் அடக்குங்க."

"எதுக்கு அடக்கணும்? எங்க வீட்டுல யாரும் சாகலையே."

பூசாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

கல்யாணம் ஆனதாலேயே எங்களில் ஒருத்தி கணவன் குலத்துக்காரி ஆகிவிடமாட்டாள். அவன் ஒருநாள் பன்றியும் சாராயமுமாக அவள் அண்ணன் வாசலுக்குப் போய், இவளை முழுசாக எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். அண்ணன் சாராயத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை அவள் பிறந்த வீட்டுப் பெண்தான்.

தில்ஹாங் பத்தொன்பது வருஷம் போகவில்லை. அது அவனுக்கு வசதியாக இருந்தது. அடிக்கும்போதெல்லாம், "இந்த வீட்டுல நீ யாருடி?" என்பான். என் மணிக்கட்டை உடைத்த அன்றும் அதையேதான் கேட்டான். இந்த ரன்ஹாங் முற்றத்தில் தோங்பா என்கிற கேழ்வரகுக் கள்ளை மூங்கில் குழலால் உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை.

இப்போது அவன் குரல் உடைந்தது.

"போன தை மாசம் போனாரே அண்ணன்! மூச்சு வாங்க வாங்கப் பன்னியை இழுத்துக்கிட்டு மலை ஏறினாரே! உங்க அண்ணன்தானே வேண்டாம்னு திருப்பி அனுப்பினாரு? அதுக்குச் செத்தவரைப் பழி வாங்குவீங்களா?"

பூசாரி கையைக் காட்ட, யாரோ உப்புக் கிண்ணத்தை என் முன்னால் தள்ளினார்கள். அவசரப்படாமல் அள்ளிப் போட்டு நன்றாகப் பிசைந்தேன்.

அன்று என் அண்ணன் இளகித்தான் போயிருந்தான். பாவம், நோயாளி, வாங்கிக்கொள்கிறேன் என்று உள்ளே வந்து சொன்னான். அடி தாங்காமல் அவன் வீட்டு அடுப்படியில் சுருண்டு கிடந்த நான்தான், "அதைத் தொடாதண்ணே" என்றேன்.

மறுநாள் நானாகவே தில்ஹாங்கிடம் திரும்பி வந்தேன். கஞ்சி ஊட்டினேன். மலம் அள்ளினேன். இவளைப் போல ஒருத்தி கிடைக்கமாட்டாள் என்று ஊரே புகழ்ந்தது. "எனக்காக உப்பை விடுவேல்ல?" என்று அவன் தினமும் கேட்பான். "ம்" என்பேன்.

அத்தனையும் இந்த ஒரு வேளைச் சோற்றுக்காகத்தான்.