எடை மெஷினின் சந்தேகம்

காலனி ஜிம் வாசலில் ஒரு எடை மெஷின் இருந்தது. அதற்கு எதிரே ஒரு நாள் கருத்துப் பெட்டி ஒன்றை மாட்டினார்கள். அன்றோடு மெஷினுக்கு நிம்மதி போயிற்று. தன் மேல் ஏறி இறங்குகிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே போய்ச் சீட்டு எழுதிப் போடுகிறார்களே.

"என்னைப் பத்தித்தானே எழுதுறாங்க?" என்று கேட்டது மெஷின்.

"உன் பேரே இதுல இல்லப்பா," என்றது பெட்டி.

மெஷின் நம்பவில்லை. பூட்டுப் போட்ட வாய் எப்படி உண்மை பேசும்? மறுநாளிலிருந்து எல்லாருக்கும் இரண்டு கிலோ குறைத்துக் காட்டியது. இறங்கியவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் சீட்டு விழுந்தது. சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிறார்கள் என்று நினைத்து, நாலு கிலோ குறைத்தது.

மாதக் கடைசியில் சங்கச் செயலாளர் பெட்டியைத் திறந்து சீட்டுகளை உரக்கப் படித்தார்.

"ஃபேன் ஓடவில்லை." "பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது." "ஃபேன் இன்னும் ஓடவில்லை."

மெஷினுக்கு மூச்சு வந்தது.

கடைசிச் சீட்டு மரகதவல்லி டீச்சருடையது. "இரண்டு வாரமாகக் கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். நாலு கிலோ குறைந்திருக்கிறேனாம். மெஷினை மாற்றுங்கள்."

"இது இன்னிக்குக் காலையிலதான் விழுந்தது," என்றது பெட்டி.