விருச்சிக ராசிக்காரன்

அடிப்பதற்கு முன்னால் கொக்கி தன் வாட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். டிசம்பர் மூன்றாம் தேதி, அவன் பிறந்தநாளுக்கு முதலாளி தன் கையால் கட்டிவிட்ட வாட்ச். அதில் ரத்தம் படுவது அவனுக்குப் பிடிக்காது.

மூன்றாவது குத்தில், நாற்காலியில் கட்டிப் போட்டிருந்தவனின் பல் தெறித்து ஐஸ் பாளத்தின் மேல் விழுந்தது. கட்டுண்டு கிடந்தவன் வேறு யாருமில்லை, கொக்கியின் சொந்தத் தங்கை புருஷன். இந்த ஐஸ் கம்பெனியில் லாரி ஓட்டுபவன்.

“மச்சான், நான் என்ன தப்புப் பண்ணேன்? அதையாவது சொல்லிட்டு அடி மச்சான்!”

“நவம்பர் அஞ்சாம் தேதி பொறந்தே மாப்ளே. அதான் தப்பு.”

பட்டப்பகல்தான். ஆனால் ஐஸ் எந்திரம் போடுகிற இரைச்சலில், உள்ளே ஒருத்தன் தொண்டை கிழியக் கத்தினாலும் வாசலில் நிற்பவனுக்குக் கேட்காது. முதலாளி இந்தத் தொழிலுக்கு வந்ததே அதற்காகத்தான் என்று பேச்சு.

முதலாளிக்கு நகம் வெட்டக்கூட ஜோசியர் நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். அந்த ஜோசியர்தான் சில மாதங்களுக்கு முன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். சூரியன் விருச்சிகத்தில் இருக்கும்போது பிறந்தவன், கூடவே இருப்பவன், அவன் கையால் முதலாளி உயிருக்குக் கண்டம் என்றார்.

அன்றிலிருந்து முதலாளிக்குத் தூக்கம் போனது. வேலையாட்களின் பிறந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் போனில் ராசி பார்க்கும் ஆப்பில் தட்டிப் பார்த்தார். மூன்று பேருக்கு விருச்சிகம் என்று வந்தது. வாட்ச்மேனையும் எடை போடுபவனையும் கொக்கி ஏற்கெனவே தீர்த்துவிட்டான், அவனுக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்த, ஐஸ் பாளம் இழுக்கும் இரும்புக் கொக்கியால். மிச்சம் இருப்பது இவன்.

தங்கை முகத்தில் எப்படி முழிப்பது என்ற நினைப்பு வரும்போதெல்லாம் கொக்கி இன்னொரு குத்து விட்டான். நினைப்பு போகவில்லை.

“உன் தங்கச்சிக்கு நான் வேற மாப்பிள்ளை பாக்குறேன்டா,” என்றார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி. “போன்ல உனக்கும் பாத்தேன். நீ தனுசு. நீ பக்கத்துல நின்னா எனக்கு யானை பலம்.”

ஆளைத் தீர்ப்பதற்கும் நல்ல நேரம் வேண்டுமே. வழக்கமாக எதற்கென்று சொல்லாமல் ஜோசியரிடம் போனில் கேட்டுக்கொள்வார். இன்றைக்கு ஜோசியர் போனை எடுக்காததால் ஆளையே காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்.

உள்ளே நுழைந்த ஜோசியர் நாற்காலியைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினார். “யாரு முதலாளி இது?”

“நீங்க சொன்ன விருச்சிகம். நவம்பர் அஞ்சு.”

“நவம்பர் அஞ்சா? ஐயோ, அது துலாம் முதலாளி!”

முதலாளி போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். ஜோசியர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“இது வெளிநாட்டுக் கணக்கு. பகலும் ராத்திரியும் சமமா வர்ற நாள்லேருந்து அவங்க மேஷத்தை ஆரம்பிப்பாங்க. நாம நட்சத்திரம் நிக்கிற இடத்துலேருந்து ஆரம்பிப்போம். ஒரு காலத்துல ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. இப்போ இருபத்துநாலு பாகை விலகிப் போச்சு. முக்காவாசிப் பேருக்கு ஒரு ராசி பின்னால போயிடும். போன்ல விருச்சிகம்னா நமக்குத் துலாம், போன்ல தனுசுன்னா…”

பளாரென்று விழுந்த அறையில் ஜோசியர் சுவரில் போய் மோதினார். உதடு கிழிந்துவிட்டது.

“பாடம் நடத்த வேணாம்,” என்றார் முதலாளி.

கொக்கிதான் அவரைத் தூக்கி நிறுத்தினான். “சாமி, நவம்பர் ரெண்டு, நவம்பர் பத்து. அந்த ரெண்டு பேரும்?”

“அதுவும் துலாம்தான்பா.”

வாட்ச்மேன் கடைசிவரை கொக்கியின் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியது கண்முன் வந்து நின்றது. ஒரு தப்பும் செய்யாத இரண்டு பேர். கொன்றது இந்தக் கை.

“அண்ணே, அப்ப மாப்பிள்ளைய அவுத்து விட்டுடவா?”

முதலாளி சிரித்தார். “கிறுக்கா உனக்கு? இவ்வளவு தூரம் பாத்தவன் வெளிய போயி ஊரைக் கூட்ட மாட்டானா? முடிச்சிடு. அப்புறம் சாவகாசமா அசல் விருச்சிகத்தைத் தேடுவோம்.”

“மச்சான்…” என்றான் நாற்காலியில் இருந்தவன்.

கொக்கி சுவரில் மாட்டியிருந்த இரும்புக் கொக்கியை எடுத்தான். முதலாளி ஜோசியர் பக்கம் திரும்பினார். “நல்ல நேரம் எப்போய்யா?”

ஜோசியர் வாயைத் துடைத்துக்கொண்டு கொக்கியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அவன் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தவரே அவர்தான்.

“ஆரம்பிச்சிடுச்சு,” என்றார்.

கொக்கி சட்டைப்பையிலிருந்து வாட்சை எடுத்து முதலாளியின் உள்ளங்கையில் வைத்தான். “இது எதுக்குடா இப்போ?” என்று முதலாளி குனிந்து பார்த்தார். பார்த்தபடியே இருக்க, இரும்பு அவர் அடிவயிற்றில் இறங்கி மேலே ஏறியது.

முதலாளி ஐஸ் பாளத்தின் மேல் சரிந்தார். வாட்ச் விழுந்து உடைந்தது. ரத்தம் பட்ட இடமெல்லாம் ஐஸ் புகைந்தது.

“டேய்… நீ… நீ தனுசுடா!”

கொக்கி குனிந்து, அவர் காதருகே சொன்னான்.

“அது போன்லதாண்ணே.”