உயர்ந்த கை
பிரெஞ்சு ஆட்சிக் காலம், மழை விட்ட சைகோன் துறைமுகம். சரிந்து விழுந்த இரும்புத் தூணுக்கடியில் வியட்நாமியத் தொழிலாளி ஒருவனின் கால் சிக்கியிருக்கிறது. ஓடி வந்த நால்வருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. பழம் விற்கும் வியட்நாமியப் பெண் அவன் தலையை மடியில் ஏந்தி, முகத்தையே பார்த்தபடி ஒரு கையை மெல்ல உயர்த்துகிறாள். அது உயர உயர, புதுச்சேரிக் காவலர் லூசியேனும் சீனச் சுமைகாரரும் கடப்பாரையை அழுத்துகிறார்கள். தூண் எழும்பும் இடைவெளியில் காரைக்கால் துணி வியாபாரி அபுல் ஹசன் மரக்கட்டையைச் செருகுகிறார். அடிபட்டவன் அலறுகிறான், அவள் கை சட்டென்று நிற்கிறது. “இன்னும் கொஞ்சம் அழுத்தினா ஆச்சு, பாய்!” என்கிறார் லூசியேன். “வேணாம் முசே, அந்தப் பொண்ணு கையப் பாருங்க” என்று பிரெஞ்சு மரியாதையோடு தடுக்கிறார் அபுல் ஹசன். மூவரும் மூச்சைப் பிடித்து நிற்கிறார்கள். துறைமுகமே அந்த உள்ளங்கைக்குக் காத்திருக்கிறது. கை மறுபடி எழுகிறது, இரும்பும் எழுகிறது. கால் வெளியே வருகிறது. அதன் விரல்கள் அசைவதைப் பார்த்த பிறகுதான் அவள் கை கீழே இறங்குகிறது.